வடக்கே போன கடிதம்

1

போன மாதம் சியோலில் ஒலிம்பிக் விளையாட்டு தொடங்கியது. தொடக்க விழாவை இங்கே பாரிசில் மத்தியானம் திரும்பவும் காட்டினார்கள். நாங்கள் மூன்று பேரும் சோற்றுக் கோப்பைகளோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். நாடு நாடாகக் கொடி பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியாக, விளையாட்டை நடத்துகிற கொரியா வந்தது. என் மகள் சுமதிக்கு இப்போது பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பருவம். பிரெஞ்சிலேயே கேட்டாள்.

"பப்பா, கொரியா இரண்டு அல்லவா? மற்றது எங்கே?"

"அது வரேல்லை," என்றேன்.

"ஏன்?"

நான் கையைத் துடைத்து, தொண்டையைச் செருமி, ஒழுங்காகத் தொடங்குவதற்கிடையில் அவள் எழும்பிச் சினேகிதிக்கு ரெலிபோன் எடுக்கப் போய்விட்டாள். என் மனைவி தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்கள் வாயைத் திறந்தால் லேசிலை மூடமாட்டியள் எண்டு பிள்ளைக்குத் தெரியும்."

அது உண்மைதான். எனக்குக் கேள்வி கேட்கிற வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு. அதோடு, கொரியா விஷயத்தில் நான் மூன்று வருடம் சமையலறையில் நின்று படித்தவன். வீட்டில் கேட்க ஆளில்லாத கதையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களிடம்தான். உங்களுக்கு அங்கே ஆயிரம் கவலை இருக்கும், தெரியும். இருந்தாலும் கொஞ்சம் காது கொடுங்கள்.

2

1985ஆம் ஆண்டு நான் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கடை ஒன்பதாம் வட்டாரத்தில் இருந்தது. லாசப்பலில் எங்கள் வீட்டிலிருந்து கார் து நோர் ஸ்ரேசனைக் கடந்து நடந்தே போய்விடலாம். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பதினாறு வருடம் வரைபடம் கீறிய கை இங்கே கருகிய சட்டியைச் சுரண்டியது. அதைப்பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை. சட்டி கழுவுகிறவனுக்கு முன்னால் யாரும் எதையும் மறைப்பதில்லை. என்னைப்போலப் புதினம் பிடிக்கிறவனுக்கு அது ஒன்றும் மோசமான உத்தியோகம் இல்லை.

கடைக்காரரே சமையல்காரர். பெயர் ஹன். இங்கே முதலாளியைப் 'பத்ரோன்' என்போம், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஐம்பத்திரண்டு வயது, கட்டை உருவம். காலையிலிருந்து மத்தியானம் வரை வாய் திறக்காமல் முள்ளங்கி வெட்டுவார். அவர் மனைவி மதாம் ஹன் கல்லாவில் இருப்பார். எங்களுக்குள் பொதுமொழி உடைந்த பிரெஞ்சுதான். பத்ரோன் வினைச்சொல்லை விழுங்குவார், நான் ஆண்பால் பெண்பாலைக் குழப்புவேன். பிழை பிடிக்க மூன்றாம் ஆள் இல்லாததால் கதை தடங்கலில்லாமல் ஓடும். அவர் சொன்னதையெல்லாம் இங்கே நான் ஒழுங்கான தமிழாக்கித் தருகிறேன்.

வேலைக்குப் போன முதல் கிழமை அவர் கேட்டார்: "நடா, நீ எந்த இடம்?"

"சிறிலங்கா. அதிலும் வடக்கு."

கத்தி நின்றது. "வடக்கா?"

"ஓம், வடக்கு."

கல்லாப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் வடக்கு," என்றார்.

கையில் இருந்தது தென்கொரியப் பாஸ்போட். ஆனால் பிறந்தது வடகொரியாவில். 1950ஆம் ஆண்டு மார்கழியில், யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, அவருக்குப் பதினேழு வயது. பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று தாய் அவரைத் தெற்குப் பக்கம் அனுப்பினார். மூன்று நாளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, "நிலைமை அடங்கினதும் வந்துவிடு," என்றாராம். அக்கா தெருமுனை வரை கூட வந்தாராம். அந்த மூன்று நாள் முப்பத்தைந்து வருடமாகிவிட்டது. இரண்டு கொரியாக்களுக்கும் நடுவில் தபால் இல்லை, ரெலிபோன் இல்லை, ஆள் போய்வருவதும் இல்லை. பிறகு அவர் கப்பலில் சமையல்காரராகி, எங்கெங்கோ சுற்றிப் பாரிசுக்கு வந்து சேர்ந்தார்.

கொரியர்களுக்கும் எங்களைப்போலத் திவசம் உண்டு. செத்த நாளில் சோறு, சூப், மீன், பழம் எல்லாம் மேசையில் படைத்து விழுந்து கும்பிடுவார்கள். மதாம் தன் தகப்பனுக்கு வருடம் தவறாமல் படைப்பார். நான்தான் அந்தப் பாத்திரங்களைக் கழுவுகிறவன், அதனால் தெரியும். பத்ரோன் தன் தாய்க்கு ஒருநாளும் படைத்ததில்லை. திதி தெரியாதவர்கள் தாய்க்குச் சித்திரைப் பூரணையில் செய்வதுபோல அவர்களுக்கும் ஒரு பொதுநாள் இருக்கிறதாம். அந்த நாளிலாவது செய்யுங்கள் என்று மதாம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"படைத்தால் நானே அவரைச் சாகடித்ததாகும்," என்றார் பத்ரோன் என்னிடம். "படைக்காமல் விட்டு, அவர் செத்திருந்தால், இத்தனை வருடமும் பட்டினி போட்டதாகும்."

பெரிய பெரிய நாடுகள் கூடிப் பேசுகிற கொரியப் பிரச்சினை அந்த மனிதருக்கு இவ்வளவுதான். தாய் இருக்கிறாரா? இல்லையென்றால் எந்த நாள்?

3

என் வியாதி என்னை விடவில்லை. ஒருநாள் பழைய கலண்டர்த் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கொரியாவைக் கீறிக் காட்டச் சொன்னேன். முயல் நிமிர்ந்து நிற்பதுபோல ஒரு உருவத்தைக் கீறிவிட்டுப் பென்சிலை வைத்தார்.

"நடுக்கோடு எங்கே பத்ரோன்?"

"அது உன் உத்தியோகம்தானே, நீ கீறு."

அவர் சொல்லச் சொல்ல நான் கீறினேன். முதற்கோடு முப்பத்தெட்டாம் பாகையில். உலகப்போர் முடிகிற நேரத்தில் அமெரிக்க அதிகாரிகள் இரண்டு பேர் ஒரு படத்தைப் பார்த்து அவசரமாகப் போட்டதாம். ஆறு எங்கே வளைகிறது, ஊர் எங்கே முடிகிறது என்று பார்க்கவில்லை. பிறகு யுத்தம் நின்ற இடத்தில் இன்னொரு கோடு. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எங்கள் நில அளவைக் கந்தோரில் ஒரு பரப்புத் தென்னங்காணியைப் பிரிப்பதற்கே சங்கிலி பிடித்து, கல் நாட்டி, இரண்டு பக்கத்தாரிடமும் கையெழுத்து வாங்கி, மூன்று மாதம் எடுப்போம்.

அந்தச் செப்ரெம்பரில் ஒரு செய்தி வந்தது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் சின்னக் கூட்டமாக ஆட்கள் எல்லை தாண்டிப் போய், பிரிந்த உறவுகளைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். சுமதிக்கு அப்போது பத்து வயது. எனக்குப் பத்திரிகை வாசித்துச் சொல்வது அவள்தான். படத்தைப் பார்த்து, "எல்லாரும் வயதுபோன ஆக்கள், பப்பா. எல்லாரும் அழுகினம்," என்றாள். அந்த வயதில் அவள் இன்னும் என்னோடு தமிழில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வேலைக்கு ஓடினேன். "பத்ரோன், பொட்டு வெட்டியாச்சு!" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, விளக்க வேண்டியிருந்தது. உங்களில் தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு வீட்டு வளவுக்கு நடுவே கதியால் நட்டு, ஓலை வைத்து வேலி அடைப்போம். அதில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். அதுதான் பொட்டு. குழம்பு போகும், பிள்ளைகள் போவார்கள், ஊர்க்கதை போகும். கோபம் வந்தால் முதல் வேலையாகப் பொட்டைத்தான் அடைப்பார்கள்.

எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர் ஒரு முழ நிலத்துக்காகப் பன்னிரண்டு வருடம் வழக்காடினார்கள். அந்த வழக்குக்கு நான்கு முறை படம் கீறிக் கொடுத்தவன் நான். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களுடைய ஒரே தங்கச்சி செத்துப்போனாள். அன்று காலை இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசாமல் ஆளுக்கொரு கத்தியோடு வந்து, வேலியின் இரண்டு பக்கத்திலிருந்தும் பொட்டு வெட்டினார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் மறுபடி அடைத்துவிட்டு, அடுத்த தவணைக்குக் கோர்ட்டுக்குப் போனார்கள்.

"சமாதானமாய் ஒன்று சேருவதென்றால் ஒரேயடியாய் வேலியைப் பிடுங்கத் தேவையில்லை," என்றேன். "முதலிலை பொட்டு. அது பெருத்துப் பெருத்து ஒருநாள் வேலி தானாய் விழும்."

"உன் அண்ணன் தம்பியின் வேலி விழுந்ததா?"

"நான் ஊரைவிட்டு வெளிக்கிடும் வரைக்கும் விழேல்லை."

பத்ரோன் பத்திரிகையை மேசையில் விரித்து, அந்தப் படத்தில் இருந்த ஒவ்வொரு கிழவியின் முகத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லோரையும் பார்த்து முடித்தபின் சொன்னார்: "முப்பது வயதில் கேட்டிருந்தால் பத்து வருடத்தில் ஒன்று சேரும் என்றிருப்பேன். நாற்பது வயதில் கேட்டார்கள், அப்போதும் பத்து வருடம் என்றேன். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்காதே."

பிறகு அவர் என்னைக் கேட்டார். "நாங்கள் ஒரே மொழி, ஒரே சனம், ஒன்றாக வேண்டும் என்கிறோம். நீங்கள் இரண்டாக வேண்டும் என்கிறீர்களாமே? ஏன்?"

எங்கள் கதையை, எரிந்த வீடுகளை, வேலைக்குப் போன இடத்தில் அடி வாங்கியதை எல்லாம் என்னுடைய பிரெஞ்சில் அடுக்கினேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"பிரிவதென்றால் பிரியுங்கள், அது உங்கள் கணக்கு," என்றார். "தபாலை மட்டும் வெட்டிவிடாதீர்கள். கோட்டைப் பற்றிப் பேசுமுன் தபாலைப் பற்றிப் பேசி முடியுங்கள்."

இரண்டு பக்கமும் பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதுவதையெல்லாம் பிறகு தேடிப் படித்திருக்கிறேன். இதை யாரும் எழுதவில்லை.

4

ஒக்ரோபரில் ஒரு மத்தியானம், மதாம் சந்தைக்குப் போயிருந்த நேரம், அவர் கேட்டார்: "உன் வீட்டுத் தபால்பெட்டியில் எத்தனை பெயர்?"

"பதினொன்று."

எங்கள் கட்டிடத்துக்கு வருகிறவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரிக்காமல் போவதில்லை. அகதி விண்ணப்பத்துக்கு ஒரு விலாசம் கட்டாயம். அறை இல்லாத பொடியன்களுக்கு விலாசம் ஏது? தெரிந்த ஒரு குடும்பத்தின் பெட்டியில் பெயரை ஒட்டிவிடுவார்கள். எங்கள் பெட்டியில் கடதாசித் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில்போல இருக்கும். தபால்காரர் எங்கிருந்து எந்த முத்திரையோடு கடிதம் வந்தாலும் திருப்பிப் பார்க்காமல் உள்ளே தள்ளுவார்.

"வடக்குக்கு ஒரு கடிதம் போடவேண்டும்," என்றார் பத்ரோன். "உன் பெயரில். உன் விலாசத்தில்."

இங்கிருந்து வடகொரியாவுக்குத் தபால் போகும். தடை தென்கொரியப் பாஸ்போட் வைத்திருக்கிற அவருக்கு மட்டும்தான். மதாமின் தம்பி சியோலில் பள்ளிக்கூட வாத்தியார். பாரிசில் இருக்கிற அத்தான் வடக்கோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்று ஒரு சொல் போனால் போதும், தம்பியின் வேலை போய்விடும். பத்ரோன் தன் பாஸ்போட்டைப் புதுப்பிக்கப் போகிற இடத்திலும் கேள்வி வரும். மதாம் இந்தப் பேச்சை எடுத்தாலே அழுவாராம். ஒரு சிறிலங்கா அகதி வடகொரியாவுக்குக் கடிதம் போடுவதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

நான் வீட்டில் சொன்னேன். மனைவி கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு வந்தாள். "இஞ்சை பாருங்கோ, எங்கடை அகதிக் கார்த்தே இன்னும் முடிவாகேல்லை. மூண்டு மாதத்துக்கொருக்கா பிரிஃபெக்சர் கந்தோர் வாசலிலை விடிய வெள்ளன போய் நிக்கிறம். உங்களுக்கேன் மற்ற ஆக்களின்ரை ஊர்ச் சண்டை?"

"சண்டை இல்லையப்பா. அந்த மனுசனுக்குத் தாய் இருக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியவேணும்."

"எத்தினை வரியமாய்ப் பாக்கேல்லையாம்?" என்று கேட்டாள். சொன்னேன். உள்ளே போய்த் திரும்பவும் அகப்பையை எடுத்தாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடிதம் அக்காவுக்கு. இரண்டு தாள், நெருக்கமான எழுத்து. பெயர் போடாமல் 'உன் தம்பி' என்று மட்டும் முடித்திருந்தார். விலாசம் முப்பத்தைந்து வருடப் பழசு. அந்தத் தெரு இருக்கிறதோ என்பதே தெரியாது. உறையில் வடகொரிய விலாசத்தை அவர் எழுத, பின்பக்கத்தில் என் பெயரையும் லாசப்பல் விலாசத்தையும் நான் எழுதினேன். ஒட்டித் தபாலில் சேர்ப்பது என் பொறுப்பு.

தபால் கந்தோரில், கண்ணாடிக்குப் பின்னால், பாண்டிச்சேரிக்காரர் அந்தோனிசாமி இருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், அரசாங்க உத்தியோகம், கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். எங்கள் ஆட்களைக் கண்டால் தமிழுக்கு மாறுவார்.

"எந்தக் கொரேங்க? நோரா, சுய்தா? எழுதாம வுட்டா சுய்துக்குத்தான் போவும்."

"வடக்கு, அண்ணை. நோர்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இருவது வருசமா இந்த கிஷே ஜன்னல்ல உக்காந்திருக்கேன். நோருக்கு ஒருத்தரும் போட்டதில்ல. அங்க ஒங்களுக்கு யார் இருக்காங்க?"

"ஒரு அக்கா," என்றேன். பொய் சொல்கிற உணர்வே வரவில்லை. அவர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, கட்டணம் பார்த்து முத்திரை ஒட்டினார்.

5

இந்த இடத்தில் நான் செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும்.

இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கியபோது வழமைபோலத் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டேன். சுமதி பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "அந்த எழுத்துக்கு என்ன சத்தம்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். சத்தமில்லை, தொடங்குகிறதுக்கு முன்னால் போடுகிறது என்றேன். "போடாவிட்டால்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, ஒருநாளும் போடாமல் விட்டுப் பார்த்ததில்லை. கந்தோரில் அரசாங்கப் படங்களின் மூலையில்கூடப் பென்சிலால் 'உ' போட்டுவிட்டுப் பிறகு அழித்திருக்கிறேன்.

பத்ரோனின் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் விரித்துப் பார்த்தேன். தலை வெறுமையாக இருந்தது. இவ்வளவு தூரம் போகிற கடிதம், இவ்வளவு பெரிய காரியம், இப்படி மொட்டையாகவா போவது என்று பட்டது. என் பேனையால் முதல் தாளின் உச்சியில் அழகாக ஒரு 'உ' போட்டு, மனதுக்குள் கும்பிட்டு, ஒட்டினேன்.

ஒரு கிழமை கழித்து ஏதோ கதையில் இதைப் பெருமையாகவே பத்ரோனிடம் சொன்னேன். கையிலிருந்த முட்டைக்கோவாவைக் கீழே வைத்தார்.

"என்ன போட்டாய்? கீறிக் காட்டு."

கீறிக் காட்டினேன்.

"அங்கே கடிதத்தை முதலில் வேறு ஆள் படிப்பான்," என்றார். "வெளிநாட்டுக் கடிதம். விளங்காத ஒரு அடையாளம். இது என்ன இரகசியக் குறி என்று அக்காவைக் கூப்பிட்டுக் கேட்பான். அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றால் மறைக்கிறாள் என்பான்."

அவர் ஏசவில்லை. அதுதான் பெரிய தண்டனை. அதற்குப் பிறகு எட்டு மாதம் முள்ளங்கியைப் பற்றியும் சட்டியைப் பற்றியும் தவிர என்னோடு எதுவும் பேசவில்லை. ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து, பதினொரு பெயருக்கும் வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். கொரியாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கத் துணியாமல் இருந்த மாதங்கள் அவைதான். தாய் இருக்கிறாரா என்று அறியப் போய் அக்காவையும் இல்லாமல் செய்துவிட்டேனோ என்ற எண்ணத்தில் எனக்கு நித்திரை போயிற்று.

6

1986 ஆனியில் பதில் வந்தது. உறையில் என் பெயர், ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கீறினதுபோல. மூன்று பேருக்கு வந்த பிரிஃபெக்சர் கடிதங்களுக்கு நடுவில் கிடந்தது. வேலை உடுப்புக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

மத்தியான வேலை முடிந்து கடை சாத்தியிருந்தது. மதாம் கல்லாவில் இருக்கிறார் என்பதையும் மறந்து நேரே பத்ரோன் கையில் கொடுத்தேன். மதாம் முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புருசனைப் பார்த்தார். எழும்பிப்போய்க் கதவைப் பூட்டித் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

பத்ரோன் நின்றபடியே படித்தார். முதல் தாள் முடியும்போது முகம் விழுந்துவிட்டது. "முழுக்க அங்குள்ள தலைவருக்கு நன்றி," என்றார். "யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியது. இது அவள் இல்லை. அவள் செத்திருக்கலாம், வேறு யாரையாவது வைத்து எழுதுவித்திருக்கலாம்."

தாளைத் திருப்பினார். திடீரென்று ஒரு சத்தம் வந்தது. அவர் சிரிப்பதை அதற்கு முதல் நான் கேட்டதில்லை, அதனால் என்னவென்று உடனே பிடிபடவில்லை.

"கேள். 'கடிதத்தைக் கொண்டுவந்த அதிகாரி உச்சியில் இருந்த குறியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். இது தூண்டில் என்றேன். என் தம்பி சின்ன வயதில் மீன்பிடிப் பைத்தியம், தன் புத்தகம் எல்லாவற்றிலும் தூண்டில் கீறுவான், இதைப் பார்த்துத்தான் இது அவன் கடிதம் என்று எனக்குத் தெரிந்தது என்றேன்.'"

"நீங்கள் தூண்டில் கீறுவியளோ பத்ரோன்?"

"என் வாழ்க்கையில் கீறியதில்லை. எனக்கு மீன்பிடிக்கவே தெரியாது." கண்ணிலிருந்து வழிந்தது, துடைக்கவில்லை. "அவள்தான் இது. சின்னதில் நான் எதையாவது உடைத்துவிட்டால் அப்பா கேட்டு முடிக்கமுன்னமே இப்படி ஒரு பொய்யைக் கொண்டுவந்து நீட்டுவாள். இதை ஒருத்தரும் சொல்லிக்கொடுத்து எழுதமுடியாது."

நான் அங்கே கவிழ்த்து வைத்திருந்த எண்ணெய் வாளியில் இருந்துவிட்டேன். எட்டு மாதப் பாரம் இறங்கிய சந்தோசத்தில், மிச்சத் தாள் இருப்பதை மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

இரண்டாம் தாளை அவர் சத்தமாக, ஒவ்வொரு வசனமாக, முதலில் கொரிய மொழியில் மதாமுக்கும் பிறகு பிரெஞ்சில் எனக்கும் படித்தார். தாய் இறந்து பதினான்கு வருடம். பனிக்காலம். சந்திரக் கணக்கில் மாதமும் நாளும் எழுதியிருந்தது.

மதாம் கல்லாவிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தார். இத்தனை வருடம் பயந்து நடுங்கிய பெண். "எந்த நாள்? திரும்பச் சொல்லுங்கள்," என்று கேட்டு, சுவர்க் கலண்டரில் அந்த நாளை வட்டமிட்டார்.

இன்னும் கொஞ்சம் இருந்தது. அதைப் படிக்குமுன் பத்ரோன் எனக்கு ஒரு விஷயம் விளக்கினார். கொரிய வீடுகளில் நிலத்துக்கடியில் அடுப்புச் சூடு ஓடுமாம். வெளியே போனவர் நேரத்துக்குத் திரும்பாவிட்டால், அவருடைய சோற்றை மூடிக் கிண்ணத்தில் போட்டு, நிலம் நன்றாகச் சுடுகிற மூலையில் போர்வைக்குள் வைத்துவிடுவார்களாம். எப்போது வந்தாலும் சூடாகச் சாப்பிடலாம். உயிரோடு இருப்பவருக்குச் செய்வது அது.

பிறகு படித்தார். "'நீ போனதிலிருந்து பதினொரு வருடம் அம்மா உன் கிண்ணத்தைப் போர்வைக்குள் வைத்தார். பன்னிரண்டாம் வருடம், நீ போன அதே நாளில், அதை எடுத்துப் படையல் மேசைக்கு மாற்றினார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நீ போன நாளை உன் நாளாக வைத்திருக்கிறோம். அம்மா போனபிறகு இரண்டு பேருக்கும் நான்தான் படைத்து வருகிறேன்.'"

தாயின் நாளைத் தேடிப் போன மனிதருக்குத் தன்னுடைய நாளும் சேர்ந்து வந்திருந்தது. இருபத்து நாலு வருடமாக அந்த வீட்டில் அவருக்குத் திவசம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. இவரோ அந்தத் தாய்க்கு ஒரு பிடி சோறு படைக்கப் பயந்து, ஒன்பதாம் வட்டாரத்தில் முள்ளங்கி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மதாம் குசினிக்குள் போய் அரிசி களையத் தொடங்கினார்.

7

பதில் எழுத அவருக்கு ஐந்து நாள் எடுத்தது. குப்பைக் கூடையில் கிழித்த தாள்களை நான்தான் வெளியே கொட்டினேன். இரண்டு நாடும் ஒன்றாகிற நாள் வரும் என்று எழுதினாராம், கிழித்தாராம். கடையைப் பற்றி, பாரிசைப் பற்றி மூன்று பக்கம் எழுதி அதையும் கிழித்தார். ஆறாம் நாள் ஒரேயொரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். அதில் இரண்டு வரிதான் இருந்தது.

"உறையில் என்ரை பெயர் போகுது, பத்ரோன்," என்றேன். "என்ன எழுதியிருக்கிறியள் எண்டு நான் தெரிஞ்சுகொள்ளலாமோ?"

அவர் தாளை வாங்கவில்லை. மனப்பாடமாகச் சொன்னார்.

"அக்கா, அம்மாவின் நாளை எழுதிக்கொண்டேன். என்னுடைய கிண்ணத்தை மேசையிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வை."